புரையேறும் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள்

(திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில், நோயாளிகளை வீட்டில் வைத்துப் பராமரிப்போருக்காக நம் அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில், வீட்டுப் பராமரிப்புத் தொண்டர்கள் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

கட்டிலில் இருப்பவரைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் திரும்ப வேண்டும் என்ற கவலையோடு இங்கே வந்திருப்பவர்கள் நீங்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

பக்கவாதம், பார்கின்சன், தண்டுவடக் காயம், முற்றிய மறதி நோய் என்று நாங்கள் சென்று பார்க்கும் வீடுகளில் நோய்கள் பல. ஆனால் அந்த நோயாளிகளைத் திரும்பத் திரும்ப மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, சிறுநீர்த் தொற்று. மற்றொன்று, சாப்பாடோ தண்ணீரோ புரையேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆவது. குடும்பத்தார் இவற்றைத் தனித்தனி உபாதைகளாகப் பார்க்கிறார்கள். உண்மையில் ஒன்று மற்றொன்றை இழுத்து வருகிறது. இன்று நாங்கள் சொல்ல வந்த முக்கியமான செய்தி அதுதான்.

எப்படி என்று பாருங்கள். நரம்பு பாதிக்கப்பட்டவருக்கு விழுங்கும் தசைகள் நேரத்துக்கு ஒத்துழைப்பதில்லை. தண்ணீர் கொடுத்தால் இருமுகிறார். பயந்துபோய் வீட்டார் தண்ணீரைக் குறைக்கிறார்கள். நோயாளியும் படுக்கையை நனைத்துவிடுவோமே, மகளுக்கு வேலை வைத்துவிடுவோமே என்ற கூச்சத்தில் தானே வாயை மூடிக்கொள்கிறார். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் குறைந்து கெட்டியாகிறது. சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் தேங்கி நிற்கிறது. தேங்கிய நீரில் கிருமி பெருகுகிறது. தொற்று வந்ததும் உடல் சோர்ந்து தூக்கக் கலக்கம் வருகிறது. அரைத் தூக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டினால் முன்னைவிட அதிகமாகப் புரையேறுகிறது. இரண்டு நாளில் நெஞ்சில் சளி. இந்த வட்டத்தை எங்கே வெட்டுவது என்பதுதான் கேள்வி.

பெரிய மனிதர்களுக்கும் இதே சோதனைதான்

உலகப் புகழ் பெற்ற குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலிக்கு 1984இல் பார்கின்சன் இருப்பது தெரியவந்தது. 2014 டிசம்பரில் அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது லேசான நிமோனியா என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு பரிசோதித்ததில் அது கடுமையான சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது. நுரையீரலா, சிறுநீரா என்று அங்கேயே முதலில் பிரித்தறிய முடியவில்லை என்றால், நம் வீடுகளில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

முன்னாள் பிரதமர் வாஜ்பாய் 2009இல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார், பேச்சும் போயிற்று. 2018 ஜூன் 11 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் அவரைச் சேர்த்தபோது சிறுநீர்த் தொற்று, சிறுநீர் குறைவு, நெஞ்சுச் சளி ஆகிய மூன்றும் சேர்ந்தே இருந்தன. அதே ஆண்டு ஜூலையில் கலைஞர் கருணாநிதிக்குச் சிறுநீர்த் தொற்றால் காய்ச்சல் என்று மருத்துவமனை அறிக்கை வெளியிட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அவருக்கு முதுமையின் தளர்ச்சி. வீட்டிலேயே இரவு பகலாக மருத்துவர்களும் செவிலியர்களும் இருந்தார்கள். அப்படியும் வந்தது. ஆகவே உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்தால் 'நீ சரியாகப் பார்க்கவில்லை' என்று பணிவிடை செய்பவரை யாரும் ஏசாதீர்கள். முழுதாகத் தடுக்க முடியாது. அடிக்கடி வராமல் குறைக்கலாம். வந்தால் முதல் நாளிலேயே கண்டுபிடிக்கலாம். நம் கையில் இருப்பது அவ்வளவுதான். அதுவே பெரிய காரியம்.

சொல்லத் தெரியாதவரின் தொற்றை எப்படி அறிவது?

நமக்கு என்றால் எரிச்சல், அடிவயிற்று வலி என்று சொல்வோம். பேச்சு போனவர், இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவர் எப்படிச் சொல்வார்? வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே அடிப்பதில்லை. அவர்களுடைய உடல் வேறு பாஷையில் சொல்லும். நேற்றுவரை அடையாளம் கண்டவர் இன்று சம்பந்தமில்லாமல் பேசுவார். எழுப்பினாலும் எழாமல் தூங்குவார். கை கால் இறுக்கம் திடீரென்று கூடும். பார்கின்சன் நோயாளி வழக்கமாக வைக்கும் நாலு அடியும் வைக்க மாட்டார். குளிர் நடுக்கம், வாந்தி, சிறுநீரில் ரத்தம், அளவு குறைதல் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். பக்கவாதம் வந்த கணவரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மா எங்களைக் கூப்பிட்டு, "பாய், இவரு நேத்துலருந்து தூங்கிக்கிட்டே இருக்காரு. ரெண்டாவது தடவை வாதம் அடிச்சிருச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார். முகம் கோணுகிறதா, புதிதாகக் கை விழுகிறதா என்று கேட்டோம். இல்லை. நேற்று எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று கேட்டோம். "புரையேறுதேன்னு ரெண்டு டம்ளருக்கு மேல குடுக்கறதில்ல" என்றார். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லச் சொன்னோம். ஏனென்றால் வாதமா தொற்றா என்று வீட்டில் இருந்தபடி யாரும் முடிவு செய்யக்கூடாது. அங்கே சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது. அவர் வீடு திரும்பியபின் அந்த அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, என்ன குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனார், மலம் கழித்தாரா, இருமினாரா என்று எழுதத் தொடங்கினார். அடுத்த முறை மருத்துவர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அந்த நோட்டே பதில் சொன்னது. நீங்கள் ஒவ்வொருவரும் அப்படி ஒரு நோட்டு போடுங்கள்.

இதோடு இன்னொன்றையும் சொல்லவேண்டும். நிரந்தரமாக யூரின் டியூப் போட்டிருப்பவரின் சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். கொஞ்சம் கலங்கியிருக்கிறது, வாடை வருகிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆள் மாறியிருக்கிறாரா, காய்ச்சல், நடுக்கம், வலி உண்டா என்று பாருங்கள். தேவையில்லாமல் கொடுத்த மாத்திரை, தேவைப்படும் நாளில் வேலை செய்யாமல் போகும். போனமுறை மீந்த மாத்திரையும் வேண்டாம், பக்கத்து வீட்டுச் சீட்டும் வேண்டாம். மருந்து தொடங்குமுன் சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். பையில் நாள் முழுக்கத் தேங்கிய சிறுநீரை மாதிரியாகக் கொடுக்கக்கூடாது. செவிலியரே முறையாக எடுத்துத் தருவார்.

டியூபும் பையும்

யூரின் டியூபைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவேண்டும். ஆனால் தரையில் படக்கூடாது. சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது பையை நோயாளியின் மடியில் வைக்கும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. பைக்குள் இருப்பது திரும்ப உள்ளே போகும், வேண்டாம். முக்கால் பங்கு நிறையும்வரை காத்திருக்காமல் முன்பே காலி செய்யுங்கள். டியூப் மடங்காமல், இழுபடாமல் தொடையில் ஒட்டி வையுங்கள். தினமும் சோப்பும் தண்ணீரும் கொண்டு அந்த இடத்தைச் சுத்தம் செய்தால் போதும். டெட்டால் ஊற்ற வேண்டியதில்லை. பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்கவேண்டும். எந்த வகை டியூப், என்றைக்குப் போட்டது, என்றைக்கு மாற்றவேண்டும் என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மலச்சிக்கலையும் கவனியுங்கள். குடல் நிறைந்திருந்தால் சிறுநீர்ப்பையை அழுத்தும், அது காலியாகாது.

சில மணி நேரமாகப் பையில் சிறுநீர் இறங்கவில்லை, அடிவயிறு உப்பியிருக்கிறது என்றால் அது அவசரம். அதிலும் மார்பின் நடுப்பகுதி மட்டத்திலோ அதற்கு மேலேயோ தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு அப்போது மண்டையைப் பிளக்கும் தலைவலியும், முகச் சிவப்பும், வியர்வையும் வந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே அவரை உட்காரவையுங்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். 108ஐ அழையுங்கள்.

எல்லோருக்கும் நிரந்தர டியூப்தான் வழி என்பதில்லை. அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லாபிடெஸ் என்ற மருத்துவர் 1972இல் ஒரு முறையை எழுதி வெளியிட்டார். ஒரு நாளைக்குப் பல முறை, சுத்தமான கையால் ஒரு சிறு குழாயை நுழைத்துச் சிறுநீரை வடித்துவிட்டு, குழாயை வெளியே எடுத்துவிடுவது. அறுவை அரங்கின் சுத்தம் தேவையில்லை, சோப்புத் தண்ணீரின் சுத்தமே போதும். முக்கியம் சிறுநீர் தேங்காமல் இருப்பதுதான் என்பது அவர் காட்டிய உண்மை. வழக்கமாக நாளுக்கு 4 முதல் 6 முறை செய்கிறார்கள். இதை நோயாளி தானே செய்துகொள்ளலாம், மனைவியோ மகனோ கற்றுக்கொள்ளலாம். நமக்கு எட்டும் தூரத்தில் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியில் 1966இல் உருவானது அது. தண்டுவட நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் இத்தகைய பராமரிப்பைச் சொல்லித்தருவது அங்கே பயிற்சியின் ஒரு பகுதி. உங்கள் மருத்துவரிடம் இந்த முறை நமக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஊட்டும்போது

இனி தொண்டைக்கு வருவோம். பக்கவாதம் வந்த முதல் நாட்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும். பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆகவே வாதம் அடித்தவருக்கு மருத்துவமனையில் விழுங்கும் திறனைப் பார்த்துச் சொல்லும்வரை ஒரு வாய் காபிகூடக் கொடுக்காதீர்கள். பார்கின்சனில் இந்தச் சிரமம் மெல்ல மெல்ல வரும், வீட்டார் கவனிப்பதே இல்லை.

சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டதும் தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் கரகரத்த குரல், கன்னத்துக்குள் சோறு தங்குதல், ஒரு வேளை சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம், எடை குறைதல், அடிக்கடி காய்ச்சல். இவற்றில் எது இருந்தாலும் ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்க்கவேண்டும். பேச்சுக்கு மட்டும்தான் அவர்கள் என்று நினைக்கிறோம். விழுங்கும் பயிற்சியும் அவர்கள் துறைதான். இருமல் இல்லை என்பதால் புரையேறவில்லை என்று நிம்மதி அடையவும் முடியாது. உணர்வு மங்கிய தொண்டையில் சத்தமில்லாமலே உள்ளே போகும்.

ஊட்டுமுன் அவர் நன்றாக விழித்திருக்கிறாரா என்று பாருங்கள். நிமிர்த்தி உட்காரவையுங்கள், தலை பின்னால் சாயக்கூடாது. நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், மூச்சுக்குழல் திறந்துகொள்ளும். எனவே நீங்களும் எதிரே உட்காருங்கள். டி.வி.யை நிறுத்துங்கள். சிறு கரண்டியால் ஒரு வாய், விழுங்கியதும் அடுத்த வாய். முடிந்ததும் வாய்க்குள் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். காலையும் இரவும் பல்லையும் நாக்கையும் சுத்தம் செய்யுங்கள். அழுக்கு வாயிலிருந்து இறங்கும் எச்சில்தான் நுரையீரலைக் கெடுக்கிறது. மூக்கு டியூபில் உணவு போகிறவருக்கும் வாய்ச் சுத்தம் அவசியம். பார்கின்சன் மாத்திரை வேலை செய்யும் நேரத்தோடு சாப்பாட்டு நேரத்தைப் பொருத்திக்கொள்ளுங்கள். எந்த மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் பொடிக்காதீர்கள், சிலவற்றைப் பொடிக்கக்கூடாது.

நம் சமையலில் எது கஷ்டம்? தண்ணீரும் திப்பியும் கலந்தவை: ரசம் சோறு, டீயில் நனைத்த பிஸ்கட், தர்பூசணி. உதிர்பவை: பொரி, மிக்சர், வேர்க்கடலை, உதிரியான பிரியாணி. எது எளிது? குழைந்த பருப்புச் சோறு, கட்டியில்லாத கேழ்வரகுக் கூழ், கெட்டித் தயிர். நோன்புக் கஞ்சி மேல் ஆசைப்பட்டால் கறித்துண்டும் பருக்கையும் இல்லாமல் மிக்சியில் அரைத்துக் கொடுங்கள். வெறும் தண்ணீர்தான் எல்லாவற்றிலும் வேகமாக ஓடும், ஆகவே அதுதான் அதிகம் புரையேறும். அதைக் கெட்டியாக்கும் பொடி உண்டு. எந்த அளவு கெட்டி என்பதைத் தெரபிஸ்ட் சொல்லவேண்டும்.

இங்கேதான் நாம் முதலில் சொன்ன வட்டத்தை வெட்டுகிறோம். கெட்டித் தண்ணீர் யாருக்கும் பிடிப்பதில்லை. கொடுத்தால் நாலு வாயோடு போதும் என்பார்கள். 'பாதுகாப்பாகக் கொடுத்துவிட்டோம்' என்று நாமும் விட்டுவிட்டால் அளவு குறையும், தொற்று வரும். காலையில் அன்றைய அளவை ஒரு பாட்டிலில் எடுத்து வையுங்கள். இதயமோ சிறுநீரகமோ காரணமாக மருத்துவர் கட்டுப்பாடு சொல்லாதவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை லிட்டர். கூழ், மோர், பால் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாக, மாலைக்குள் பெரும்பகுதியும் போய்விடவேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதிய அளவு போகிறது. சித்திரை வெயிலில் இன்னும் கவனம் தேவை. இவ்வளவு செய்தும் அளவு போகவில்லை, எடை குறைகிறது என்றால் மூக்கு டியூபோ வயிற்று டியூபோ பற்றி மருத்துவரிடம் பேசவேண்டும். அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். பலருக்கு அது சில வாரங்களுக்கான உதவிதான். அதே சமயம், மறதி நோயின் கடைசிக் கட்டத்தில் டியூப் ஆயுளைக் கூட்டுவதில்லை. அப்போது அவர் விரும்பும் அளவு, விரும்பும் நேரத்தில், பொறுமையாக வாயில் கொடுப்பதே மேல் என்று மருத்துவர் சொல்லக்கூடும். குடும்பமாக உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

பாசமும் மார்க்கமும்

நலம் விசாரிக்க வருகிறவர்கள் ஜம்ஜம் தண்ணீரோ, ஓதிய தண்ணீரோ கொண்டுவந்து, கண் மூடிப் படுத்திருப்பவரின் வாயில் ஒரு கரண்டி ஊற்றுகிறார்கள். சகோதர சமுதாயத்தில் தீர்த்தமும் பாலும் ஊற்றுவார்கள். நோக்கம் பாசம்தான். ஆனால் மயக்கத்தில் இருப்பவருக்கு அந்த ஒரு கரண்டி நேராக நுரையீரலுக்குள் போகலாம். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து உதட்டில் தடவுங்கள். பாசமும் குறையாது, பரக்கத்தும் குறையாது. இதை வீட்டு மருமகள் சொன்னால் வருத்தப்படுவார்கள். வீட்டுப் பெரியவர் சொல்லட்டும், அல்லது கட்டிலுக்கு மேலே எழுதி ஒட்டுங்கள்.

நோயாளிக்கு நோன்பில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. தண்ணீர் குறையக்கூடாத ஒருவர் அடம்பிடித்து நோன்பு வைத்து மருத்துவமனையில் விழுவது தேவையற்றது. டியூப் போட்டதால் சுத்தம் போய்விட்டது, இனித் தொழுகை கூடாது என்று மனம் உடைந்துபோன பெரியவர்களையும் பார்க்கிறோம். சிறுநீர் நில்லாதவர்களுக்கும் ஒளுச் செய்து தொழ வழி இருக்கிறது. ஆலிமை வீட்டுக்கே அழைத்துவந்து விளக்கம் கேளுங்கள். அந்த ஒரு சந்தேகம் தீர்ந்தால் பலர் பயமில்லாமல் தண்ணீர் குடிக்கத் தொடங்குவார்கள்.

நம் ஊருக்கென்று ஒரு சொல்

நாம் இருப்பது செங்கம் சாலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. பௌர்ணமி அன்றும் தீபத்தன்றும் இந்தப் பகுதியில் வண்டி நகராது. ஆகவே பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பே டியூப் மாற்றும் தேதி வருகிறதா, பை, மாத்திரை, கெட்டியாக்கும் பொடி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சோர்வோ நடுக்கமோ தெரிந்தால் 'கூட்டம் போகட்டும்' என்று காத்திருக்காமல் முன்பே கிளம்புங்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்துகொள்ளுங்கள். சந்தேகங்களுக்கு 104ஐ அழைக்கலாம்.

கடைசியாக, பணிவிடை செய்பவர்களைப் பற்றி. பெரும்பாலும் ஒரே ஒரு பெண்தான் இரவும் பகலும் இதைச் சுமக்கிறார். அவர் தூங்காவிட்டால் கவனம் தப்பும். கவனம் தப்பினால் நோயாளிக்குத்தான் ஆபத்து. அண்ணன் தம்பிகள் பணம் அனுப்பினால் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வாரத்தில் ஓர் இரவாவது கட்டிலருகே வந்து உட்காருங்கள். அந்த நோட்டை ஒரு நாள் நீங்கள் எழுதிப் பாருங்கள். எங்கள் தொண்டர்கள் எந்தச் சமுதாய வீடானாலும் வருவார்கள். கை கழுவுவது முதல் பை காலி செய்வதுவரை உடன் இருந்து செய்து காட்டுவார்கள், இன்ஷா அல்லாஹ்.

கட்டிலில் இருக்கும் நம் எல்லோருடைய உறவுகளுக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக. அவர்களுக்குப் பணிவிடை செய்யும் கைகளுக்குப் பலத்தையும் பொறுமையையும் தருவானாக. வஸ்ஸலாம்.